தாமதத்துக்குத் தக்க காரணம்

"வியாழக்கிழமை உன் வேன் சும்மா இருக்குமா, டெரெக்?" என்று பெரில் கேட்டபோது நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே இருக்கும் தாழ்ந்த சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். பள்ளிச் சமையலறையில் போடும் நீல மேலங்கியை இன்னும் கழற்றவில்லை.

"மழை வந்தா சும்மாதான் இருக்கும். வராட்டி ஜன்னல் துடைக்கப் போகணும்."

"வரும். இந்த ஊர்ல வியாழக்கிழமை எப்ப மழை வராம இருந்துச்சு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சுவரின் மேல் முளைத்திருந்த பாசியை விரல் நகத்தால் சுரண்டினாள். அவள் ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. சொல்லும்வரை காத்திருப்பதுதான் எனக்கு வழக்கம்.

"வீட்டு வழக்குத் தீர்ப்பாயம் அன்னைக்குத்தான்," என்றாள் கடைசியில். "அந்த மனுஷனும் வர்றேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"வரட்டுமே."

"அவரை வெச்சுக்கிட்டு நான் எப்படிப் பேசுவேன்?"

அவர்கள் சமையலறை ஜன்னல் வழியாக அவள் கணவர் கிளிஃபின் முதுகு தெரிந்தது. மேஜை முன்னால் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. முதுகு இன்னும் நேராகத்தான் இருந்தது.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காகித ஆலை ஓடிய காலமெல்லாம் கிளிஃப் ஆர்மராட் அங்கே தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். ஆலையில் யாருக்காவது விரல் போனால், யாருக்காவது சம்பளம் பிடித்தால், யாருடைய விதவைக்காவது ஓய்வூதியம் வராவிட்டால், அவர்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவது அந்த மேஜையில்தான். என் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறாள். அவர் எல்லாரையும் "தோழரே" என்பார். என் அம்மாவைக்கூட. பெயரைக் கேட்க மாட்டார். "பேர் தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும். கதையை மட்டும் சொல்லுங்க," என்பார். ஊரில் எல்லாருடைய பெயரும் அவருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். பெரில் தேநீர் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். காகிதங்களைத் தொட மாட்டாள். அது அவருடைய இடம், அடுப்பு தன்னுடைய இடம் என்று அவர்கள் கல்யாணமான புதிதில் பிரித்துக்கொண்டார்கள்.

கிளிஃபுக்குத் தபால்மேல் நம்பிக்கை கிடையாது. எந்தப் படிவமானாலும் கையால் கொண்டுபோய், மில் ரோட்டில் இருந்த கவுன்சிலின் வாடகை ஆபீஸ் கதவுத் துளையில் போடுவார். தொப்பியைத் தூக்கி உள்ளே இருக்கும் குமாஸ்தா பிக்கிள்ஸுக்கு ஒரு வணக்கம். அவ்வளவுதான். அவரைப் பார்த்து எங்கள் தெருவே அப்படிப் பழகிவிட்டது. ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறவனை ஊதாரி என்போம்.

ஆலை மூடியது. கிளிஃபுக்குச் சின்னதாக ஓர் ஓய்வூதியம். பெரிலுக்குப் பள்ளியில் வேலை நேரத்தைப் பாதியாக வெட்டினார்கள். அன்றைக்கே வாடகை உதவியும் கவுன்சில் வரிச் சலுகையும் கேட்கும் தகுதி அவர்களுக்கு வந்துவிட்டது. அவள் கேட்டாள். "நான் பாத்துக்கறேன்," என்றார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டாள். "குடுத்தாச்சு." மாதங்கள் போயின. வாடகை பாக்கி என்று கடிதம் வந்தது. "உதவி மனு உள்ள இருக்கறப்ப அந்தக் கம்ப்யூட்டர் இப்படித்தான் கத்தும். பயப்படாத," என்றார். அந்த மேஜையில் அவர் மற்றவர்களுக்கு அப்படிச் சொல்வதைப் பெரில் நூறு முறையாவது கேட்டிருப்பாள். அது உண்மையும்கூட. அதனால் பயப்படவில்லை.

ஒரு வருஷம் போனபின் வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுவசதிச் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. வரிப் பாக்கிக்காக ஜப்தி ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பெரில் கவுன்சிலுக்குப் போய் நின்றபோது, அப்படி ஒரு மனு வரவே இல்லை என்றார்கள். அங்கேயே நின்று தன் பெயரில் புதிதாக ஒரு மனு எழுதினாள். அன்றிலிருந்து உதவி கிடைத்தது. ஆனால் வீட்டை விழுங்கக் காத்திருந்தது போன வருஷத்துப் பாக்கி. அதை முன்தேதியிட்டுத் தர வேண்டுமானால், இத்தனை நாள் கேட்காததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். அவள் எழுதிக் கொடுத்த காரணத்தைக் கவுன்சில் ஏற்கவில்லை; அவள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தாள். நீதிமன்றம் தீர்ப்பாயம் முடியும்வரை வீட்டை விட்டுவைத்தது.

கவுன்சிலுக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் அவள் கிளிஃபிடம் கேட்டாளாம், "எங்க கொண்டுபோய்க் குடுத்த?"

"வாடகை ஆபீஸ்ல. வேற எங்க?"

பெரில் அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றாள். நான் அப்போது ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டேன்.

மில் ரோடு வாடகை ஆபீஸ் மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அங்கே இப்போது இருப்பது, காசு கொடுத்து விளக்குக்கு அடியில் படுத்துத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளும் கடை. நாங்கள் அதை வெயில் கடை என்போம். எங்கள் ஊரில் வெயில் வேண்டுமென்றால் வாங்கத்தான் வேண்டும். முகப்பு முழுக்க இளஞ்சிவப்பு. அந்த ஜன்னலையும் நான்தான் துடைக்கிறேன். அதனால் பெரில் என்னைத்தான் விசாரிக்க அனுப்பினாள். கடையில் இருந்த பெண் பெயர் லியான். ஒட்டவைத்த பொய் இமைமயிரோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தொப்பிக்காரத் தாத்தாவா? அய்யோ, அவரு எங்க செல்லமாச்சே! அடிக்கடி வருவாரு. கவரைப் போடுவாரு, தொப்பியத் தூக்குவாரு, போயிருவாரு. ஒருநா மழைல நனையறாரேன்னு உள்ள கூப்பிட்டேன். 'வேணாம்மா, பிக்கிள்ஸ் வேலையா இருப்பாரு'ன்னுட்டாரு. யாரு அந்த பிக்கிள்ஸ்? உள்ள படுத்திருக்கறவங்கள்ல யாராவதா?"

"செத்துட்டாரு. கவரெல்லாம் எங்கம்மா?"

"பீட்சா நோட்டீசோட குப்பைக்குப் போயிருக்கும். கையெழுத்து அழகா இருந்துச்சேன்னு ஒண்ணு ரெண்டைத் தபால்பெட்டில போட்டேன். ஸ்டாம்பு இல்லையே, எந்த ஊருக்குப் போச்சோ." கொஞ்சம் யோசித்தாள். "தப்புப் பண்ணிட்டேனா?"

"நீ பண்ணலம்மா."

கட்டண அட்டை ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அது போதும் என்று நான் நினைத்தேன். பெரில் அதைப் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஆபீஸ் மூடினது ஊருக்கே தெரியும், அவருக்கு ஏன் தெரியலைன்னு கேப்பாங்க, டெரெக்."

"உண்மையைச் சொல்ல வேண்டியதுதான்."

"எது உண்மை?" என்றாள். பிறகு மெதுவாக, "சாவியை ரொட்டிப் பெட்டிக்குள்ள வெக்கிறாரு. போன மாசம் என்னை அவரோட அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. மறுநாள் காலைல உக்காந்து, பக்கத்துத் தெரு ஜாய்ஸுக்கு அப்பீல் எழுதிக் குடுத்தாரு. ஒரு கமா தப்பில்ல. அவருக்கு இன்னும் தெரியாது, டெரெக். இல்ல, தெரிஞ்சும் சொல்லலியோ என்னமோ. நான் போய் ஊரு முன்னால அவருக்குச் சொல்லவா? நீ கழண்டுட்டு வர்றடான்னு?"

"டாக்டர்?"

"ஆலோசனை மையத்துலயும் அதைத்தான் சொன்னாங்க. டாக்டர் சீட்டு வாங்கிட்டு வாங்கன்னு. எதுக்குன்னு அவரு கேட்டா நான் என்ன சொல்ல?"

அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தாள். நடக்கவில்லை. "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் போய் நின்னேன், என் வீட்டு வழக்குக்கு நான் வீட்ல குந்தியிருக்கவா?" என்று அவர் கேட்டாராம்.

வியாழக்கிழமை மழைதான். வேனில் முன்பக்கம் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கிளிஃப் நல்ல கோட்டுப் போட்டு, சங்கத்தின் பித்தளைச் சின்னத்தைக் குத்தியிருந்தார். பின்னால் வாளிகள் உருண்டன.

"இந்த வேன்ல என்ன நாத்தம், தோழா? செத்த பூனையை வெச்சு ஓட்டறியா?"

"உங்க ஜன்னலத் துடைச்ச துணிதான்."

"அப்ப பெரில் சமையல்தான் அது." தன் தொடையில் தட்டிச் சிரித்தார். பெரில் ஒரு புதினா மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டாள். "இதைச் சப்பிக்கிட்டுக் கம்முனு வா."

"கவுன்சில்காரன் மனுவைத் தொலைச்சிட்டான், அவ்வளவுதான் விஷயம்," என்றார் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு. "தன் குடையவே தொலைக்கறவனுங்க. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு பேக்கரில பை பலகாரம் சாப்பிடப் போலாம். சீஸும் வெங்காயமும்."

பெரில் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

தீர்ப்பாயம் நடந்தது பழைய கூட்டுறவுக் கடையின் மாடி அறையில். நீளமாக ஒரு மேஜை, தண்ணீர்க் குவளை, சூடாகாத ஒரு ஹீட்டர். விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர் ஒரே ஒருவர், ஹெஸ்கெத் என்ற வக்கீல். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைக்குட்டையால் அடிக்கடி மூக்கைத் துடைத்தார். கவுன்சில் சார்பில் வந்தது ஒரு சின்னப் பெண், ஃபர்சானா. தலையில் மெல்லிய முக்காடு, மடியில் கோப்பு. கிளிஃப் அவளையே பார்த்தார்.

"நீ இலியாஸ் பொண்ணுதானே? ஆலைல காகித மாவுக் கூடத்துல ராத்திரி ஷிப்ட் பாத்த இலியாஸ்?"

அந்தப் பெண் சிவந்துபோனாள். "ஆமா, மிஸ்டர் ஆர்மராட்."

"முதுகு எப்படி இருக்கு அவனுக்கு?"

"பரவால்ல. நீங்கதான் அந்த நஷ்டஈடு வாங்கிக் குடுத்தீங்கன்னு இன்னும் சொல்லுவாரு." அவள் வக்கீலைப் பார்த்தாள். "ஐயா, இதை நான் சொல்லிரணும். இந்தக் குடும்பத்தை எங்கப்பாவுக்குத் தெரியும்."

"இந்த ஊரில் தெரியாதவரைத் தேடினால் நாம் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்," என்றார் ஹெஸ்கெத். "யாருக்கும் ஆட்சேபம் உண்டா? இல்லை. மேலே சொல்லுங்க."

பெரில் தன் பங்கைச் சொன்னாள். கணவர் சொன்னதை நம்பினேன், கடிதம் வந்தபோதும் நம்பினேன். லியானின் அட்டையைக் கொடுத்தாள். ஹெஸ்கெத் இரு பக்கமும் படித்தார். கட்டணப் பக்கத்தைக் கொஞ்சம் அதிக நேரம் படித்ததுபோல் எனக்குத் தோன்றியது. அது பழைய வாடகை ஆபீஸ் இருந்த இடம் என்று அட்டையில் இல்லை, கடையின் விலாசம் மட்டும்தான். கிளிஃப் அதைக் கையில் வாங்கவும் இல்லை.

பிறகு ஃபர்சானாவின் முறை. அவள் கோப்பைத் திறந்து, உள்ளே ஒரு தாளின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். எடுக்க விருப்பமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எடுத்தாள். அது என் மனதில் நின்றது. எடுக்காமல் இருந்திருந்தால் அவளுடைய அப்பாவே அவளைத் திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். கிளிஃபும் திட்டியிருப்பார்.

"வாடகை ஆபீசை மூடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கி, ஊர்வலம் கூட்டிட்டுப் போனதே மிஸ்டர் ஆர்மராட்தான். பேப்பர்ல வந்த படம் இது. மூடின அன்னைக்கு அந்த வாசல்ல எடுத்தது. அந்த ஆபீஸ் இல்லைன்னு ஊர்ல யாருக்காவது நல்லாத் தெரியும்னா, அது அவருக்குத்தான். அதனால அவரு மாசாமாசம் அங்க மனு கொண்டுபோய்க் குடுத்தாருங்கறதை நம்பறது கஷ்டமா இருக்கு, ஐயா. அந்த அம்மா அதை விசாரிக்காம விட்டதையும்."

தாள் மேஜைமேல் கிளிஃபின் முன்னால் வந்தது. தொப்பி, பதாகை, பூட்டிய கதவு. அவர் அதைக் கையில் எடுத்தார்.

"நான்தான்," என்றார் சந்தோஷமாக. "என்ன கூட்டம் பாத்தியா! மூட விட்டோமா நாங்க? ஜெயிச்சோம்ல, பெரில்?"

ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்றது. ஹெஸ்கெத் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கிளிஃபைப் பார்த்தார். பிறகு பெரிலை. கேள்வி கேட்காமலே கேட்டார். அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொன்னால் வீடு நிற்கும். எனக்கு அது தெரிந்தது, ஃபர்சானாவுக்குத் தெரிந்தது. அறையில் அது தெரியாதவர் ஒருவர்தான், அவர் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரில் தன் கைகளைப் பார்த்தாள். கொதிநீரில் வெந்து சிவந்த கைகள். மௌனத்துக்கு நான் பயப்படுகிறவன் அல்ல. அன்று பயந்தேன். 'தப்பு என்னுது, நான்தான் மறந்தேன்' என்று அவள் சொல்லிவிடுவாளோ, வீட்டை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

அவள் நாற்காலியைக் கிளிஃப் பக்கம் திருப்பினாள்.

"கிளிஃப். ஒரு கேஸ் வந்திருக்கு."

"இப்பவா?"

"நம்ம மேஜைக்கு வந்திருக்குன்னு வெச்சுக்க. நான் கதையைச் சொல்றேன். இந்த ஐயாவுக்கு நீ எடுத்துச் சொல்லு." வக்கீலிடம் திரும்பி, "சொல்லலாங்களா?" என்றாள்.

ஹெஸ்கெத் பேனாவைக் கீழே வைத்தார். "தாராளமா."

கிளிஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோட்டின் உள்பையிலிருந்து பென்சில் வந்தது. படத்தைத் திருப்பிப்போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தை எழுத வைத்துக்கொண்டார். "பேர் வேணாம். கதை மட்டும்."

"ஒரு ஆளு. எழுத்து வேலையெல்லாம் அவருதான் பாப்பாரு. உதவிக்கு எழுதிப் போடுன்னு பொஞ்சாதி சொன்னா. போட்டாச்சுன்னாரு. போட்டது மூடிப்போன ஆபீஸ் கதவுல. மழைல நடந்து போய்ப் போட்டதைப் பாத்த சாட்சியும் இருக்கு."

"மூடினது அவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவருதான். மூடக் கூடாதுன்னு கூட்டம் சேத்துக் கத்தித் தோத்தவரே அவருதான்."

"குடிப்பானா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

"அது குடி இல்ல. பொஞ்சாதி எப்படி?"

"வாய் ஜாஸ்தி."

"அப்ப நல்லவ. பொய் சொல்றவளுக்கு வாய் கம்மியா இருக்கும்." எழுதிக்கொண்டார். "இதுக்கு முன்னால அவன் எப்பவாச்சும் காகிதத்தைத் தப்பா குடுத்திருக்கானா?"

"ஒரு தடவைகூட இல்ல."

கிளிஃப் பென்சிலால் மேஜையைத் தட்டினார். யோசிக்கும்போது அவர் அப்படித்தான். பிறகு எழுந்து நின்றார். அங்கே எழுந்து நிற்கத் தேவையில்லை. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ஐயா, இது சின்னக் கேஸ். கவுன்சில் கேக்கறது, தெரிஞ்ச ஆளு எப்படிங்க தெரியாத மாதிரி நடந்துக்கிட்டான்னு. நல்ல கேள்வி. இந்தப் பொண்ணு கேட்டது சரி. ரெண்டு பதில்தான் இருக்கு. ஒண்ணு, அவன் பொய் சொல்றான். பொய் சொல்றவன் வீட்லயே இருந்துக்கிட்டு, போட்டேன்னு சொல்லிட்டுப் போவான். மழைல நடந்து போய்க் கவரைப் போடமாட்டான். நடந்து போனதைப் பாத்த சாட்சி இருக்கு. அப்ப மிச்சம் இருக்கறது இன்னொரு பதில்." பென்சிலை உயர்த்தினார். "அந்த ஆளுக்கு உடம்புல என்னமோ சரியில்ல. ஒரு ஆபீசுக்காகக் கத்தி, கூட்டம் சேத்து, தோத்தவன் அதை எப்படி மறப்பான்? அவனுக்குள்ள ஏதோ..."

பென்சில் அப்படியே நின்றது.

அவர் குனிந்து, தான் எழுதிய தாளைப் பார்த்தார். மெதுவாக அதைத் திருப்பினார். தொப்பி. பதாகை. பூட்டிய கதவு. அதில் மூடல் அறிவிப்பு ஒட்டியிருந்தது, படத்திலேயே படிக்கலாம். அவர் படித்தார். உதடு அசைந்தது.

மழை ஜன்னலில் வழிந்தது. பெரில் அவரைத் தொடவில்லை. கையைப் பிடித்துவிடுவாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. ஒரு கேஸைக் கேட்கிற மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தாள். கை பிடித்திருந்தால் அவர் நோயாளி ஆகியிருப்பார். அவள் அவரை வக்கீலாகவே நிற்க விட்டாள். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

கிளிஃப் தொண்டையைச் செருமினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் உடையவில்லை.

"அவனுக்குள்ள ஏதோ மூடிக்கிச்சு, ஐயா. அவனுக்கே அது தெரியல. ரொம்ப நாளா தெரியல போல. அது அவன் பாடு. அவன் மனுவை நான் கேக்கல. மனு அந்தம்மாவோடது. அவளைத்தான் நீங்க பாக்கணும். முப்பது வருஷமா ஒரு காகிதம் தப்பாத மனுஷன் 'குடுத்தாச்சு'ன்னு சொன்னா, பக்கத்துல படுத்திருக்கறவ நம்பாம என்ன செய்வா? பின்னாலயே போய்ப் பாக்கணுமா? அவ வயசுல, அவ அனுபவத்துல, அவ இடத்துல நியாயமான ஒரு ஆளு இருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பாங்களா? அதுதானே சட்டம் கேக்கற கேள்வி?"

"அதேதான்," என்றார் ஹெஸ்கெத்.

"செஞ்சிருக்க மாட்டாங்க. அவ்வளவுதான் எங்க தரப்பு." பென்சிலை உள்பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோட்டின் பித்தான் ஒன்றை எதற்கோ கழற்றி, மறுபடி மாட்டினார்.

ஹெஸ்கெத் ஃபர்சானாவைப் பார்த்தார். "கவுன்சில் வேறு ஏதாவது சொல்ல விரும்புதா?"

"இல்லைங்க, ஐயா." அவள் கோப்பை மூடியிருந்தாள். முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ தூசி விழுந்த மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

எங்களைக் கொஞ்ச நேரம் நடையில் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். யாரோ ஒருவர் தேநீர் இயந்திரத்தை உதைத்துக்கொண்டிருந்தார். பெரில் பையைத் திறந்து, மூடி, திறந்தாள். கிளிஃப் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

மறுபடி கூப்பிட்டார்கள். மனு ஏற்கப்பட்டது. வாடகை உதவியும் வரிச் சலுகையும் ஒரு வருஷம் முன்தேதியிலிருந்து முழுவதுமாகத் தர வேண்டும். ஹெஸ்கெத் தாளை நீட்டினார். அதைக் கிளிஃபிடம் நீட்டினார், பெரிலிடம் அல்ல. கிளிஃப் வாங்கி, வழக்கம்போல் முதலில் தேதியைச் சரிபார்த்தார். பிறகு பெரிலின் கையில் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க," என்றார். "இனிமே நீயே வெச்சுக்க."

அவள் மடித்து, பைக்குள் லியானின் அட்டை பக்கத்தில் வைத்தாள்.

வேனில் யாரும் பை பலகாரப் பேச்சை எடுக்கவில்லை. வைப்பர் இப்படியும் அப்படியும் போனது. வீட்டுப் பக்கம் திரும்பப்போனபோது கிளிஃப் சொன்னார், "மில் ரோட்டு வழியாப் போ, தோழா."

நான் பெரிலைப் பார்த்தேன். அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

வெயில் கடை எதிரே நிறுத்தினேன். மழையில் அந்த இளஞ்சிவப்பு இன்னும் பளிச்சென்று இருந்தது. பனைமரம் வரைந்திருந்தார்கள். கதவு மட்டும் பழையது. பித்தளை மூடி போட்ட அந்தத் துளை அப்படியே இருந்தது. கிளிஃப் கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோ ரோஸ் கலரு," என்றார். "எப்படி பெரில் என் கண்ணுல படாமப் போச்சு?"

"கடைப்பக்கம் நீ எப்பத்தான் பாத்திருக்க? எனக்கு ஒரு கோட்டு வாங்கக் கூட்டிட்டுப் போனாக்கூட வாசல்ல நின்னு வானத்தைப் பாப்ப."

அவர் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு தோள் குலுங்க. பெரிலும் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து வேறு எது தொடங்கியது என்று நான் பார்க்கவில்லை. வெளியே பார்த்தேன். கடை ஜன்னலில் நான் துடைக்காமல் விட்ட ஒரு மூலை தெரிந்தது.

கொஞ்சம் கழித்து கிளிஃப் சொன்னார், "திங்கக்கிழமை டாக்டர் இருப்பாரா?"

"இருப்பாரு."

"உள்ள வரைக்கும் நீ வரணும். நான் சொல்றதைப் பாதி மறந்துட்டா, நீ சொல்லணும்."

"உனக்கு ஒரு நல்ல கேஸா எடுத்துச் சொல்றேன்," என்றாள் பெரில். "எனக்குத்தான் வாய் ஜாஸ்தியாச்சே."

கடைக்குள்ளிருந்து லியான் எங்களைப் பார்த்துவிட்டாள். கண்ணாடிக்கு வந்து, கையை உயர்த்தி ஆட்டினாள். கிளிஃப் வேன் ஜன்னலை இறக்கினார். மழை உள்ளே அடித்தது. அவர் தொப்பியைத் தூக்கினார். இந்த முறை பிக்கிள்ஸுக்கு அல்ல.